முன் இருக்கை

எங்கள் கோவில்பட்டி காசி யாத்திரை வேனில் பெண்கள் முன்னால் உட்காருவார்கள், ஆண்கள் பின்னால்.

அன்று காலை விஜயவாடா ஸ்டேஷன் அருகே சமைத்துச் சாப்பிடும்போது, "உப்பு எங்கட்டி?" என்று பரமசிவன் அண்ணாச்சி கஞ்சித் தட்டை மனைவி சங்கரம்மாள் காலடியில் எறிந்தார்.

வேன் கிளம்பியதும் டிரைவரான என்மேல் பாய்ந்தார். "ஏலே சோலைமுத்து, மாட்டு வண்டியா பத்துத?"

மத்தியானத்துக்கு மேல் வேனை விரட்டினேன். "ஏலே, கொல்லப் போறியா?"

சாயங்காலம் ஒரு புளியமரத்தடியில் அடுப்பு மூட்டினோம்.

"பசிக்குது. அவ எங்கலே?"

"அக்கா காலையில வண்டியிலயே ஏறல, அண்ணாச்சி. ஊருக்கு ரயிலேறிட்டாவ."

என் சட்டையைப் பிடித்தார். "ஏம்லே சொல்லல?"

"மத்தியானம்தான் ரயிலு. அதுக்குள்ள நீங்க தேடுனா வண்டியத் திருப்பச் சொன்னாவ. அதுவரைக்கும் மெதுவா உருட்டிக்கிட்டுத்தான வந்தேன்!"