வெளியே நின்ற பூதம்

காகித முகமூடி கென்சாகுவின் முகத்துக்குச் சின்னது. ரப்பர் இரண்டு காதையும் அறுத்தது.

சிவப்பு முகம், இரண்டு கொம்பு, கோரைப்பல். வேர்க்கடலைப் பொட்டலத்தோடு இலவசமாக வந்தது.

அந்தப் பொட்டலத்தை வாங்கி வந்ததே தப்பாகிவிட்டது. நாளைக்கு வசந்தம் பிறக்கிறதென்றால் இன்று சாயங்காலம் வீட்டில் ஒருவர் பூத வேஷம் போட, மற்றவர்கள் கடலையோ பயறோ எறிந்து அவரை வெளியே விரட்டியாக வேண்டும். கென்சாகு பிறந்தது வடக்கே அவோமோரியில். அங்கே ஓட்டோடு வேர்க்கடலையைத்தான் எறிவார்கள். பனிக்குள் விழுந்தாலும் பொறுக்கித் தின்னலாம். இங்கே மத்சுயேயில் வறுத்த சோயாப் பயறுதான்.

ஆறு வயதுக் கோஹாரு பொட்டலத்துக்குள் எட்டிப் பார்த்தாள். இதால் அடித்தால் பூதம் நன்றி சொல்லிவிட்டுத் தின்னும் என்றாள். அவள் அம்மா யுகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு அலமாரியிலிருந்து சோயாவை எடுத்துக் கொடுத்தாள்.

யுகாரியைக் கல்யாணம் செய்துகொண்டு கென்சாகு இந்த வீட்டுக்கு வந்து, வருகிற வாரத்தோடு ஒரு வருஷம். கோஹாருவின் சொந்த அப்பா மாடத்தில் படமாக இருக்கிறார். பஸ் ஓட்டக் கிளம்புமுன் கென்சாகு தினமும் அந்தப் படத்துக்குக் குனிந்து வணங்கிவிட்டுத்தான் காலணியை மாட்டுவான்.

கோஹாரு அவனை 'கென்சாகு-சான்' என்பாள். தபால்காரரைக் கூப்பிடும் அதே மரியாதை. மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. அவனுக்கு அதுதான் குறை.

இத்தனை வருஷமும் யுகாரிதான் பூதம். இந்த வருஷம் நீங்கள் வருகிறீர்களா என்று குழந்தையே கேட்டாள். அன்றிலிருந்து பஸ் கழுவும் இடத்தில் நின்று அவன் உறுமிப் பழகினான். ஜலதோஷமா என்று கூட வேலை செய்கிறவர்கள் விசாரித்தார்கள்.

இப்போது உறுமினான்.

"பூதமே வெளியே போ, பாக்கியமே உள்ளே வா!"

கத்திக்கொண்டே சோயாவை எறிந்த கோஹாருவுக்குக் குறி தப்பவில்லை. கழுத்தில், காதில், முட்டியில் சுளீர் சுளீரென்று விழுந்தது. ஐயோ அம்மா என்று அலறிக்கொண்டு வாசலைத் தாண்டி ஓடினான். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. பூட்டும் திரும்பியது.

மூன்றாம் மாடி நடைவழியில் வெறும் காலுறையோடு நின்றான். வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவன் பிறந்த வீட்டில் கொல்லைக் கதவு உண்டு. அவன் அப்பா வாசல் வழியாகப் பூதமாக ஓடிப்போய், முகமூடியை எறிந்துவிட்டு, கொல்லை வழியாக அப்பாவாக வந்துவிடுவார். இந்த வீட்டுக்கு ஒரே கதவு. மணியை அடித்தால், அடிப்பது பூதமா, கென்சாகு-சானா?

பக்கத்து வீட்டு வாசலில் இன்னொரு பூதம் சுவரில் சாய்ந்து நின்றது. கதோவாக்கி. முகமூடியை நெற்றிக்கு மேல் தள்ளியிருந்தார். மேலே கம்பளிக் கோட்டு, காலில் பூட்ஸ். கென்சாகுவின் காலுறையைப் பார்த்தார்.

"முதல் வருஷமா? பழகின பூதம் செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டுத்தாங்க பயந்து ஓடும்."

மணி அடிக்கலாமா என்று கென்சாகு கேட்டான். அடிக்கவே கூடாது என்றார் அவர். உள்ளே இருக்கிறவர்களாகத்தான் கூப்பிட வேண்டும். சொல்லி வாய் மூடவில்லை, அவர் வீட்டுக் கதவு திறந்து இரண்டு பையன்கள், அப்பா அப்பா என்று கோட்டைப் பிடித்து அவரை உள்ளே இழுத்துப் போனார்கள்.

நடைவழியில் ஒரே ஒரு பூதம் மிஞ்சியது.

சமையலறை ஜன்னல் ஓரமாகப் போய்க் காதைக் கொடுத்தான். கோஹாரு எண்ணிக்கொண்டிருந்தாள். கண்ணாமூச்சி ஆட்டத்தில்போல எண்ணி முடித்துத் திறப்பாளாக்கும் என்று நினைத்தான்.

முப்பத்தேழில் எண்ணிக்கை நின்றது. கதவு திறக்கவில்லை.

மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். ஆறில் நின்றது. அப்போதும் திறக்கவில்லை.

பிறகு, "ஒண்ணு" என்று ஒரே ஒரு தரம் கேட்டது. அதோடு சத்தமே இல்லை.

கால்விரல்கள் மரத்துப்போயின. முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

பூட்டு திரும்பியது. கதவிடுக்கில் ஒரு கண் தெரிந்தது. பூதம் போய்விட்டதா என்று கேட்டாள். போய்விட்டது, பஸ் ஏறிப் போனதை நானே பார்த்தேன் என்றான். எதுவரைக்கும் டிக்கெட் என்றாள். கடைசி நிறுத்தம் வரைக்கும் என்றான். அது அவளுக்குத் திருப்தியாக இருந்தது. குளிருகிறது, உள்ளே வாருங்கள் என்றாள்.

மேஜைமேல் மூன்று கிண்ணங்கள். பூதத்தை விரட்டிய கையோடு அவரவர் வயசு எத்தனையோ அத்தனை சோயா எண்ணித் தின்ன வேண்டும். யுகாரியின் கிண்ணத்தில் குவியலாக இருந்தது. கோஹாருவின் கிண்ணத்தில் அடியில் கொஞ்சம்.

அவன் கிண்ணத்தில் ஒரே ஒரு வேர்க்கடலை, ஓட்டோடு.

நாற்பத்து நாலு வயசுக்காரன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான். பரவாயில்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். யுகாரி பதறிப்போய் ஒரு கை சோயாவை அள்ளினாள். கோஹாரு அவன் கிண்ணத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்.

"போடாதம்மா. நம்ம வீட்டுல அவருக்கு ஒரு வயசுதான ஆகுது."

யுகாரி அள்ளியதைத் திரும்ப வைத்தாள்.

கென்சாகு கடலையை உடைத்தான். உள்ளே இரண்டு பருப்பு இருந்தது. ஒன்றை வாயில் போட்டு வெகுநேரம் மென்றான்.

மற்றதை, அடுத்த வருஷத்துக்கு என்று சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.