நூலகத்துக்கு ஒரு கையெழுத்து

"மாடி வகுப்பறையை நூலகமா மாத்தணும். ஒரு கையெழுத்துதானே சார்?"

தலைமையாசிரியை மேசைமேல் கிடந்த வெள்ளைத் தூசியைப் புறங்கையால் துடைத்துவிட்டு விண்ணப்பத்தை நீட்டினார். இன்ஜினியர் வாங்கவில்லை.

"அந்தத் தளம் வகுப்பறைக்குக் கணக்குப் பண்ணிப் போட்டது மேடம். புத்தக அலமாரி பாரத்தைத் தாங்காது."

"நாற்பது வாலுங்க குதிச்சே ஒண்ணும் ஆகலை. புத்தகமா குதிக்கப் போகுது?"

"வாலுங்க சாயங்காலம் வீட்டுக்குப் போயிடுதுங்க. புத்தகம் போகாது. வெச்ச இடத்துலயே உட்கார்ந்து அழுத்திக்கிட்டே இருக்கும்."

தலைமையாசிரியையின் குரல் இறங்கியது. "அலமாரியெல்லாம் போன வாரமே ஏத்தி அடுக்கியாச்சு சார். உங்க கையெழுத்து மட்டும்தான் பாக்கி."

இன்ஜினியர் நாற்காலியை விட்டு எழுந்தார். "எந்த அறைக்கு மேல?"

தலைமையாசிரியை வாய் திறப்பதற்குள், துடைத்த மேசைமேல் மறுபடியும் வெள்ளைத் தூசி உதிர்ந்தது.