லீவு விண்ணப்பம்

சுனாமியில் இறந்த பேர்னிஸை அடக்கம் செய்த மறுநாளும், எங்கள் காப்புறுதிக் கந்தோரின் வரவு இடாப்பில் காலை எட்டரைக்கு அவளுடைய கையெழுத்து இருந்தது. அவளுடைய மேசையில் நாங்கள் வைத்த கோப்புகள் பின்னேரம் முடிந்திருந்தன. மனேஜர் ஹேர்பர்ட் புது ஆள் எடுக்கவில்லை.

யுத்தம் முடிந்த வருடக் கடைசியில், ஒரு நாளும் லீவு எடுக்காதவளென்று கொழும்பிலிருந்து அவளுக்குப் பாராட்டுக் கடிதம் வந்தது. அடுத்த நாள் மனேஜரின் மேசையில் அவளுடைய லீவு விண்ணப்பம் இருந்தது. காரணம்: களைப்பு.

"குடுங்களன் சேர். அஞ்சு வருஷமா அந்தப் புள்ள லீவே எடுக்கல்ல," என்றேன்.

"அவட வேலைய ஆரு பாக்கிற?" என்று கேட்டுக்கொண்டே, எங்கள் எல்லோருக்கும் எழுதுவதுபோல 'ஆள் காணாது, லீவு இல்லை' என்று எழுதி ஒப்பமிட்டார்.

மறுநாள் எட்டரைக்கு அவளுடைய கையெழுத்து இருந்தது. அதன் கீழே நான் என்னுடையதைப் போட்டேன். கொடுக்கவென்று எழுதிக் கொண்டுவந்த என் லீவு விண்ணப்பம் கைப்பைக்குள்ளேயே இருந்தது.