படத்தில் வெடித்த பாய்லர்

“மூணு மாசமா எங்க லேப்ல ஓட்டிப் பாத்துட்டோம் மேடம். ஒரு தப்பும் வரல. நீங்க பேப்பர்ல வட்டம் போட்டு, பாய்லர் வெடிக்கும்னு சொல்றீங்க.”

சக்கரபாணி மேசையைத் தட்டினான். புதுச்சேரி மில் ஒன்றின் பாய்லரைக் கவனிக்கக் கம்ப்யூட்டர் விற்க வந்த கம்பெனியின் இன்ஜினியர் அவன். பக்கத்தில் அவனுடைய முதலாளி தணிகாசலம். அந்த 1987-இல் ஊருக்கே அது புதுசு.

எதிரே ராஜாம்பாள். கல்லூரியில் கணக்கு விரிவுரையாளர். புரோகிராமைச் சரிபார்க்க மில் மானேஜர் முருகையன் அவளை வரவழைத்திருந்தார்.

“நீங்க நெனச்ச வழியில ஓட்டிப் பாத்தீங்க சார். புரோகிராம் போக முடிஞ்ச எல்லா வழியையும் நான் வரைஞ்சிருக்கேன். ஒவ்வொரு வட்டமும் ஒரு நெலம. இத பாருங்க. தண்ணி கொறஞ்சதும் பம்ப் ஓட ஆரம்பிக்குது. அந்த நேரம் பாத்து கரண்ட் போயி உடனே வருது. பம்ப் நின்னுடுது. பேட்டரி இருக்கறதால கம்ப்யூட்டர் மட்டும் நிக்காம, பம்ப் ஓடுதுன்னே நெனச்சு, தண்ணி வரும்னு காத்துக்கிட்டிருக்கு. நெருப்ப அணைக்கல.”

“உங்க படத்துல சூடு இல்ல, பிரஷர் இல்ல. இது எப்படி எங்க மெஷின் ஆகும்?”

“பாய்லர்ல தண்ணி இல்லாதப்பவும் நெருப்பு எரியுமாங்கறதுதான் கேள்வி. அதுக்கு வேண்டியத மட்டும் வச்சுக்கிட்டேன். எல்லாத்தையும் சேத்தா ஆயுசுக்கும் பாத்து முடிக்க முடியாது.”

“படமே தப்பா இருந்தா?”

“மெஷின்லயே பாத்துடலாம். பாய்லர் வேணாம். நெருப்புக்கு செவப்பு பல்பு, பம்புக்குப் பச்ச பல்பு மாட்டுங்க.”

“அதெல்லாம் எதுக்கு?” என்று தணிகாசலம் முனகினார்.

சக்கரபாணி விடவில்லை. “செஞ்சே காட்டட்டும் சார். நம்ம கம்பெனி பேரு இருக்குதில்ல.”

பல்புகளை மாட்டி, தண்ணீர் குறைந்ததாகக் கம்ப்யூட்டருக்குக் காட்டினார்கள். பச்சை எரிந்ததும் மெயின் சுவிட்சைச் சட்டென்று அணைத்துப் போடச் சொன்னாள் ராஜாம்பாள். சக்கரபாணி போட்டான். பச்சை அவிந்தது, திரும்ப எரியவில்லை. சிவப்பு எரிந்துகொண்டே இருந்தது. திரையோ பம்ப் ஓடுவதாகவே காட்டியது.

முருகையன் எழுந்தார். “பாய்லர் பக்கத்துல எங்க ஆளுங்க நிக்கிறாங்க. இத சரி பண்ணுங்க. மேடம் மறுபடி பாத்து சரின்னு சொன்னாதான் மாட்டணும்.”

தணிகாசலம் வாயைத் திறந்தார். கேட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை. தலையாட்டிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

பெரிய மார்க்கெட் ஸ்டாப்பில் கோரிமேடு பஸ்ஸுக்காக நின்றிருந்தாள் ராஜாம்பாள். சக்கரபாணி வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தான்.

“இவ்ளோ கத்துவீங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே,” என்று சிரித்தாள் அவள்.

“வேற வழி இல்ல மேடம். லேப்ல ஒரு தடவ பம்ப் தானா நின்னுச்சுன்னு சொன்னதுக்கு, மறுபடி வரல இல்ல, விடுன்னுட்டாரு முதலாளி. அதான் மானேஜர்கிட்ட உங்க பேரச் சொல்லி வரவழைச்சிட்டு, முதலாளி கேக்கக்கூடிய கேள்வி அத்தனையையும் நானே முந்திக்கிட்டு கேட்டுட்டேன்.”