கிரைண்டர் இல்லாத வீடு

"வயரிங் செக் பண்ண வர்றாராம்! நம்புற மாதிரியா இருக்கு?"

குமுதா போனை சோபாவில் எறிந்தாள். வீட்டு ஓனர் சிக்கந்தர் பாய் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார், நாளைக்குக் காலையில் வயர்மேனோடு வருவதாக.

"வேவு பாக்க வர்றாரு," என்றான் அவள் கணவன் மோகனராஜ். "நீ மாவு ஆட்டி விக்கிறத யாரோ போட்டுக் குடுத்துட்டாங்க."

வீட்டுச் சாவியைக் கொடுத்த அன்றே பாய் சொல்லியிருந்தார், "குடியிருக்க மட்டும்தான் மா. வியாபாரம் வேணாம்." மோகனராஜுக்கு ஃபேக்டரியில் ஓவர்டைம் நின்ற பிறகு, குமுதாவின் தோசை மாவில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்து காலி பண்ணச் சொன்னால்? டத்தோ கிராமாட் பகுதியில் இந்த வாடகைக்கு இன்னொரு வீடு கனவில்தான்.

"ஒத்திகை பாத்துருவோம்," என்றான் மோகனராஜ். கைலியை ஏற்றிக் கட்டினான். வயிற்றை முன்னால் தள்ளி, தொண்டையைச் செருமினான். அவ்வளவுதான், அச்சு அசல் பாய்.

"ஏம்மா குமுதா, கரண்டெல்லாம் நல்லா இருக்கா மா? ஷாக் கீக் அடிக்குதா மா?"

"அடிக்குது பாய். கிரைண்டரத் தொட்டாலே சுள்ளுன்னு…"

"அடிப்பாவி! இல்லைன்னு சொல்லு! மறுபடி. ஷாக் அடிக்குதா மா?"

"இல்ல பாய்."

"சிரிக்காம சொல்லு லா!"

சிரிக்கிற விஷயமில்லை அது. சமையலறைச் சுவரில் இருக்கும் அந்த ஒரு ப்ளக்கில் கிரைண்டரை மாட்டினால், ஈரக்கை பட்டதும் ஷாக் முழங்கை வரை ஏறும். அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஒரு ஜோடி ரப்பர் சிலிப்பர். வாசலைத் தாண்டி எந்தச் செருப்பும் வராத வீட்டில், அது மட்டும் சமையலறையில் ராஜமரியாதையோடு கிடக்கும்.

மறுநாள் காலையில் கிரைண்டரைப் போர்வையால் மூடி, இரண்டு பேரும் முக்கி முனகிப் பக்கத்து வீட்டுக்குத் தூக்கிப் போனார்கள்.

"என்னடி இது, யாரைக் கடத்திட்டு வர்றீங்க?" என்றாள் புஷ்பவள்ளி அக்கா.

"ஒரு மணி நேரம் வச்சிருங்கக்கா. சத்தம் போடாது."

பிறகு அலமாரியை நகர்த்தி, அந்த ப்ளக்கை மறைத்தார்கள்.

பாய் வந்தார். கூட வயர்மேன் தயாளன். தயாளன் மெயின் சுவிட்சில் டெஸ்ட் பட்டனை அழுத்தினார், மின்விசிறி நின்றது. "இது ஓகே." ஒவ்வொரு ப்ளக்கிலும் மீட்டரைச் சொருகிப் பார்த்துக்கொண்டே சமையலறைக்கு வந்தார்.

"அலமாரிக்குப் பின்னால ப்ளக் இருக்கா?"

"வெறும் செவுரு அண்ணே," என்றான் மோகனராஜ்.

"கிச்சன்ல என்னத்துக்கு சிலிப்பர்?"

"குதிகால் வலி. டாக்டர் போடச் சொன்னாரு," என்றாள் குமுதா.

தயாளன் அவளையே பார்த்தார். "தங்கச்சி, பழைய வீட்டுல மீட்டர் பாதிதான் சொல்லும். மீதிய குடியிருக்கறவங்கதான் சொல்லணும். எங்கயாச்சும் தொட்டா சுள்ளுன்னு இருக்கா?"

"இல்லவே இல்ல." சிரிக்காமல் சொன்னாள்.

"அப்ப இந்த வீடு பரவால்ல பாய்," என்று பெட்டியை மூடிக்கொண்டு தயாளன் வேனுக்குப் போனார்.

பாய்க்கு முகமெல்லாம் மலர்ச்சி. "அல்ஹம்துலில்லாஹ்!" என்றவர், அங்கேயே நின்று யாருக்கோ போன் போட்டார். காது கொஞ்சம் மந்தம். அதனால் ஸ்பீக்கரில்தான் பேசுவார்.

"சல்மா, சுங்கை பாக்காப் வீட்டுக்குத்தான் புது வயரிங். அடுத்த வாரம் ஆளு வரும்."

"நெசமாவா, சிக்கந்தர் நானா?" அந்தப் பக்கம் குரல் தழுதழுத்தது. "மழை பேஞ்சா புள்ளைங்கள சுவிட்ச் பக்கமே விடாம புடிச்சு வச்சிருக்கேன். அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தக் குடுக்கணும்!"

போனை வைத்தார். மோகனராஜ் மெதுவாகக் கேட்டான். "புது வயரிங்கா பாய்?"

"ஆமா தம்பி. எனக்கு இருக்கறது இந்த வீடும், சல்மா வாடகைக்கு இருக்கற அந்த வீடும்தான். ரெண்டுக்கும் ஒண்ணா செய்ய முடியாது லா. எது ரொம்ப மோசமோ அதுக்கு மொதல்லன்னு நெனச்சேன். உங்களுதுதான் மோசமா இருக்கும்னு பயந்துக்கிட்டே வந்தேன்."

குமுதா அலமாரியைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லிவிடலாமா? வாய் திறந்தது. சல்மாவின் தழுதழுத்த குரல் இன்னும் காதில் இருந்தது. வாய் மூடிக்கொண்டது.

பாய் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "ஏம்மா, மாவு ஆட்டறத விட்டுட்டியா?"



"எந்த மாவு பாய்?" என்றான் மோகனராஜ்.

"என்ன தம்பி, தெரியாத மாதிரி கேக்கறே? எங்க வீட்டுல ஷஹீதா வாராவாரம் உங்க மாவுதான் வாங்குறா. அன்னிக்கு நான் வியாபாரம் வேணாம்னு சொன்னது, இந்தப் பழைய வயர் தாங்காதுன்னுதான். அப்பறம் நீ பாடுபடறத கேள்விப்பட்டு, வயரிங் பாக்கறதோட, கிரைண்டருக்கும் தனியா ஒரு லைன் இழுத்துக் குடுக்கலாம்னுதான் மா வயர்மேன கூட்டிட்டு வந்தேன். வந்து பாத்தா, கிரைண்டரே இல்ல!"