பச்சைப் புள்ளி

"அந்தப் பச்சைப் புள்ளியை ஓரடி பின்னால தள்ளி வைக்க முடியாதா சார்?"

புள்ளிக்காரருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கம்ப்யூட்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "இது கோர்ட்டுக்குப் போற படம்மா. நடந்ததை நடந்தபடிதான் வரைவேன். நம்ம வசதிக்கெல்லாம் தள்ள முடியாது" என்றார்.

அந்த அம்மாள், நாற்காலி காலியாகக் கிடக்க, ஜன்னலுக்கும் கதவுக்குமாக மறுபடி நடக்க ஆரம்பித்தாள். வந்ததிலிருந்து இதே நடைதான். பார்த்துக்கொண்டிருந்தவருக்கும் இருப்புக் கொள்ளவில்லை.

விபத்து நடந்த இடத்தைக் கம்ப்யூட்டரில் முப்பரிமாணப் படமாக வரைந்து தருவது அவர் தொழில். தெரு, சுவர், வண்டி எல்லாமே அவருக்குப் புள்ளிகள்தான். ஒவ்வொரு புள்ளிக்கும் இடம் இது, உயரம் இது என்று எண்கள் உண்டு. ஒரு புள்ளி பிசகினாலும் விடமாட்டார் என்பதால் வக்கீல்கள் வைத்த பெயர் புள்ளிக்காரர்.

இந்த மாதிரி வழக்கு அவருக்குப் புதிதல்ல. சந்திலிருந்து ஒரு சிறுமி ஓடி வந்தாள், தெருவில் வந்த கார் மோதிவிட்டது, குழந்தை பிழைக்கவில்லை. காரை ஓட்டியவன் அப்போதுதான் லைசென்ஸ் எடுத்திருந்த பையன். சந்து முனையில் ஒரு நாலடிச் சுவர். அதைத் தாண்டிச் சிறுமி அவன் கண்ணில் பட்டிருப்பாளா என்பதுதான் கேள்வி. அவன் கண் ஒரு சிவப்புப் புள்ளி, சிறுமியின் உச்சந்தலை ஒரு பச்சைப் புள்ளி. சிவப்பிலிருந்து பார்த்தால் பச்சை தெரிகிறதா, அவ்வளவுதான்.

இந்த மாதிரிப் படத்துக்கு அலைகிறவர்கள் எப்போதும் ஓட்டியவரின் வீட்டார்தான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. எல்லாருக்கும் ஏதாவதொரு புள்ளியைக் கொஞ்சம் நகர்த்தியாக வேண்டும்.

"காரை ஓட்டினவர் எவ்வளவு உயரம்மா?"

"சரியாத் தெரியலையே. உங்க உயரம் இருப்பான்."

தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளையை எந்தத் தாய் அளந்துகொண்டிருக்கிறாள்! "சரி, அந்தக் குழந்தை?"

"மூணு அடி எட்டு அங்குலம்." பதில் பட்டென்று வந்தது. "ரிப்பன் கட்டினா இன்னும் ஒரு அங்குலம்."

வக்கீல் நன்றாகத்தான் பாடம் சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்.

"உட்காருங்கம்மா, எனக்குத் தலை சுத்துது."

"முடியலை சார். அவன் பார்த்திருக்க முடியுமா, முடியாதா? எனக்கு அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும். சோறு தண்ணி இல்லாம, யாரோடயும் பேசாம, சுவரையே வெறிச்சுப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான்."

அந்தக் குரல் அவரையும் அவசரப்படுத்தியது. படத்தை மேலிருந்து பார்க்கும்படி வைத்து, காரில் ஓட்டுநர் இருக்கும் இடத்தில் சிவப்புப் புள்ளியைத் தட்டினார். அந்தப் புள்ளியிலிருந்து பார்க்கும் காட்சியைத் திரைக்குக் கொண்டு வந்தார். சுவருக்கு மேலே பச்சைப் புள்ளி பளிச்சென்று நின்றது.

"தெரிஞ்சிருக்கும்மா" என்றார் தயங்கித் தயங்கி.

நடை நின்றது. அந்த அம்மாள் கதவுப் பிடியைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டாள். "பார்த்துமா... பார்த்துமா இடிச்சான்?"

அவருடைய கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் திரையையே பார்த்தவருக்கு ஏதோ உறுத்தியது. மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதுபோல் காரின் முன்பக்கம் கீழே தெரிகிறதே?

படத்தைப் பக்கவாட்டில் திருப்பினார். தலையில் அடித்துக்கொண்டார். மேலிருந்து தட்டியதில் சிவப்புப் புள்ளி காரின் கூரையிலேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. ஓட்டியவனின் கண் காருக்கு வெளியே, கூரைமேல் உட்கார்ந்திருந்தது! மற்றவர்கள் செய்தால் வாய்க்கு வந்தபடி திட்டுகிற தப்பு. யானைக்கும் அடி சறுக்கும்.

புள்ளியை இறக்கி, இருக்கையில் உட்கார்ந்தவனின் கண் மட்டத்தில் வைத்தார். இப்போது திரையில் சுவர் மட்டும்தான் இருந்தது.

"இல்லம்மா, தப்பு என்னோடது. இப்பப் பாருங்க. அவனால பார்த்திருக்கவே முடியாது."

"எனக்காக நகர்த்தலையே சார்?"

"பெத்த தகப்பனுக்காகவும் நகர்த்த மாட்டேன். ஓரங்குலம் கூட்டி வெச்சும் பார்த்துட்டேன். சுவர்தான் தெரியுது."

அப்போதுதான் அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். படத்தை மேலிருந்து பார்க்கும்படி மறுபடி வைத்து, சேமித்தார்.

"தைரியமாப் போங்கம்மா. உங்க பையன் மேல ஒரு தப்பும் இல்ல. முதல்ல அவனைச் சாப்பிடச் சொல்லுங்க."

"இப்பவே போய்ச் சொல்லிடறேன் சார். எதிர்வீட்டுப் பையன்தான்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவள், திரைமேல் மெதுவாக விரலை வைத்தாள்.

"இந்தப் பச்சைப் புள்ளிதான் சார் என் பொண்ணு."