துண்டுக்குள் கை

"வெளியே வாடா, விசிலு!"

தகரக் கொட்டகையின் கூரையில் கல் விழுந்தது. உள்ளே ரெஃப்ரி ரத்தினவேல் கதவில் முதுகைக் கொடுத்து நின்றான். தாழ்ப்பாள் ஆடியது.

ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் பெனால்டி கொடுத்திருந்தான். திருவானைக்காவல் பையன் ரசூல் பந்தைக் கையால் தட்டினானாம். "நெஞ்சிலதான் பட்டுது, சத்தியமா!" என்று ரசூல் கத்திப் பார்த்தான். தென்னூர் கோல் போட்டது. கோப்பை போயிற்று.

ரத்தினவேலுக்கு வீடு தென்னூரில். போதாதா?

"சொந்த ஊருக்கு ஊதிட்டான்யா!"

"கையை முறிங்கடா! இனிமே விசிலே பிடிக்கக் கூடாது!"

எல்லாரையும்விடப் பெரிய சத்தம் ஹபீபுல்லா பாயுடையது. சமயபுரம் சந்தையில் மாட்டுத் தரகர். துண்டுக்கடியில் விரலைத் தொட்டுத் தொட்டே விலை பேசி முடிக்கிற ஆள்.

"தள்ளுங்கடா! இவனை எங்கிட்ட விடுங்க!"

ஒரே உதை. கதவு திறந்துகொண்டது.

"பாய், நான் பார்த்ததைத்தான்..."

"மூடுடா வாயை!"

அவன் கையைக் கெட்டியாகப் பிடித்தார். தோள் துண்டை எடுத்து அதன்மேல் போட்டார். தரதரவென்று இழுத்தார்.

கூட்டத்துக்குச் சிரிப்பு. "பாய், மாடு என்ன விலை?"

"தோல் விலைக்குத்தான் போகும்! ஆத்தோரம் கொண்டுபோய் உரிக்கிறேன். எவனும் பின்னால வரக் கூடாது. போலீஸ் கேட்டா நான் ஒருத்தனே பதில் சொல்லிக்கிறேன்!"

வழி விட்டார்கள். "எங்க பங்குக்கும் நாலு போடுங்க, பாய்!"

துண்டுக்குள் பாயின் விரல்கள் ரத்தினவேலின் விரல்களை அழுத்தி அழுத்தி விட்டன. எந்த எலும்பை முதலில் ஒடிப்பது என்று பார்க்கிறாரோ?

முனை திரும்பினால் பஸ் நின்றிருந்தது. பாய் அவனைப் படியில் ஏற்றித் தள்ளினார்.

"போயிடு தம்பி."

"அடி... அடிக்கலையா?"

"துண்டுக்குள்ள கையை அழுத்தி அழுத்தி, பயப்படாதே பயப்படாதேன்னு சொல்லிக்கிட்டே வந்தேனே, புரியலை? வாய்ச் சத்தம் சந்தைக்குய்யா. நான் சும்மா நின்னிருந்தா உன்னை எங்கிட்ட விட்டிருப்பானுங்களா?"

ரத்தினவேலுக்குக் கண் கலங்கியது. "பாய், சத்தியமா அது கையிலதான் பட்டுது."

"நானும் பார்த்தேன்."

பஸ் நகர்ந்தது. பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ரசூல் என் மவன்தான். வீட்டுக்கு வரட்டும்."